எல்லாப் பழியும் ஸ்விட்ச் தலையிலா?

நாஸ் என்ற நெட்வொர்க் சேமிப்புப் பெட்டியிலிருந்து ஐஸ்கஸி வழியாக ஒரு வால்யூமை எடுத்து சர்வரில் மாட்டியிருக்கும் எந்த அலுவலகத்திலும் இந்தத் தீர்ப்பைக் கேட்கலாம்: "ஐஸ்கஸி மக்கர் செய்தால் அது நெட்வொர்க் கோளாறுதான்." கூடவே மருந்துச் சீட்டும் தயாராக இருக்கும். முதலில் ரீஸ்டார்ட். கேட்கவில்லையா, ஜம்போ ஃபிரேம் போடு. அதற்கும் அடங்கவில்லையா, ஸ்விட்சை மாற்று, 10 கிகாபிட் வாங்கு. கடைசியில், "ஐஸ்கஸியே இப்படித்தான், ஃபைபர் சேனலுக்குப் போய்விடலாம்" என்று கைகழுவுவது.

இதில் உண்மையே இல்லை என்று சொல்ல மாட்டேன். இருக்கும் உண்மையைக் கட்டுரையின் பிற்பகுதியில் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்தத் தீர்ப்பு எதையும் சோதித்துப் பார்க்காமல் சொல்லப்படுவது. அதனால் பணம் வீணாகிறது, சில சமயம் தரவும் போகிறது.

விவாதத்துக்கு முன் ஓர் அடிப்படை. ஸ்கஸி என்பது வட்டுகளோடு பேசப் பல காலமாக வழக்கில் உள்ள கட்டளைத் தொகுதி. அந்தக் கட்டளைகளை டிசிபி இணைப்புக்குள் வைத்து அனுப்பும் ஏற்பாடுதான் ஐஸ்கஸி. 2004 ஏப்ரலில் ஆர்எஃப்சி 3720 என்ற தரநிலையாக வெளிவந்தது. 2014 ஏப்ரலில் ஆர்எஃப்சி 7143 அதன் இடத்துக்கு வந்தது. வட்டைக் கேட்கும் சர்வர் இனிஷியேட்டர். கொடுக்கும் பெட்டி டார்கெட். டார்கெட் கொடுக்கும் ஒவ்வொரு வட்டும் ஒரு லன். வழக்கமான போர்ட் 3260. ஒரு கோப்பு பத்திரமாகப் போய்ச் சேர வேண்டுமானால் கேபிளும் ஸ்விட்சும், டிசிபி இணைப்பு, லாகின், லன் அனுமதி, நாஸின் உள்ளிருக்கும் வட்டுத் தொகுப்பு, மேலே சர்வரின் ஃபைல் சிஸ்டம் என்று ஆறு அடுக்குகளும் சரியாக இருக்க வேண்டும். இவற்றில் நெட்வொர்க் என்று சொல்லத்தக்கவை முதல் இரண்டுதான். மிச்சம் நான்கையும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

இனி வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

வாதம் 1: "லாகின் ஆகவில்லை என்றால் நெட்வொர்க்கில் தடை"

லாகின் ஆகாததற்குப் பல காரணங்கள் உண்டு. எது என்பதை மென்பொருளே எண் போட்டுச் சொல்கிறது. லினக்ஸில் உள்ள ஓப்பன்-ஐஸ்கஸி, பிழை எண் 8 என்று காட்டினால் இணைப்புக்கு நேரம் கடந்துவிட்டது என்று பொருள். அதாவது எதிர்ப்பக்கத்திலிருந்து பதிலே வரவில்லை. இங்கே நெட்வொர்க்கைச் சந்தேகிப்பது நியாயம். ஆனால் எண் 24 வந்தால் அது அனுமதி மறுப்பு. டார்கெட் நம் சர்வரோடு பேசி, யார் என்று விசாரித்து, "உனக்கு இடமில்லை" என்று சொல்லியும் அனுப்பிவிட்டது. கேபிளும் ஸ்விட்சும் விலேனும் தங்கள் வேலையை ஒழுங்காக முடித்த பிறகுதான் அந்தப் பதிலே வர முடியும். அதற்குப் பிறகும் கேபிளைக் கழற்றிக் கழற்றி மாட்டுவதில் ஒரு பயனும் இல்லை.

அனுமதி மறுப்புக்குக் காரணங்கள் பெரும்பாலும் இரண்டு. ஒன்று, ஆளைச் சரிபார்க்கும் சாப் முறையின் கடவுச்சொல். விண்டோஸ் இனிஷியேட்டர் 12 முதல் 16 எழுத்துகள் வரை உள்ள கடவுச்சொல்லையே ஏற்கும். நாஸ் பக்கம் எட்டெழுத்தில் வைத்துவிட்டு இந்தப் பக்கம் முட்டிக்கொண்டிருப்பார்கள். இருபக்கச் சாப் வைப்பவர்கள் இரண்டு திசைக்கும் ஒரே கடவுச்சொல்லைப் போடுவதும் உண்டு. தரநிலை அதைத் தடை செய்கிறது.

இரண்டாவது காரணம் பெயர். ஒவ்வொரு இனிஷியேட்டருக்கும் ஐக்யூஎன் என்ற நீண்ட பெயர் உண்டு. எந்த ஐக்யூஎன் எந்த லன்னைத் தொடலாம் என்ற பட்டியல் டார்கெட்டில் இருக்கும். லினக்ஸை மறுபடி நிறுவினால் புதுப் பெயர் உருவாகிவிடும். விண்டோஸில் கணினியின் பெயரை ஒட்டியே ஐக்யூஎன் அமைவதால், சர்வரை டொமைனில் சேர்த்த அன்றே அது மாறிவிடும். நாஸில் பழைய பெயர் அப்படியே கிடக்கும். "நேற்று வரை வேலை செய்தது, இன்று இல்லை" என்ற புகாரில் பாதியை இந்தப் பட்டியலைத் திறந்து பார்த்தே தீர்க்கலாம். லாகின் ஆகிறது, ஆனால் வட்டு எதுவும் வரவில்லை என்றாலும் பார்க்க வேண்டிய இடம் இதுதான்: அந்தப் பெயருக்கு லன் எதுவும் ஒதுக்கப்படவில்லை.

ஆளை ஏமாற்றும் ஒரு செய்தியும் உண்டு. பிங் போகும், ஆனால் ஐஸ்கஸி மட்டும் "நோ ரூட் டு ஹோஸ்ட்" என்று சொல்லும். பாதையே இல்லை என்று நினைத்து ரூட்டரைக் குடையத் தொடங்குவார்கள். ரெட் ஹேட் குடும்ப லினக்ஸின் ஃபயர்வால், அனுமதியில்லாத போர்ட்டுக்கு வரும் இணைப்பைத் திருப்பி அனுப்பும்போது எதிர்ப்பக்கம் காண்பது இந்தச் செய்தியைத்தான். டார்கெட் சர்வரில் 3260-ஐத் திறந்துவிட்டால் கதை முடிந்தது.

வாதம் 2: "பிங் போகிறது, டார்கெட் தெரிகிறது, பாதை சரி. இனி ஜம்போ போட்டால் வேகம் பறக்கும்"

இந்த வாதத்தில் பிழை இரட்டையாக இருக்கிறது. இங்கே கோளாறு நெட்வொர்க்கில்தான். ஆனால் அதைக் கொண்டுவந்து சேர்ப்பதே மருந்து என்று சொல்லப்படும் ஜம்போ.

சர்வரிலும் நாஸிலும் எம்டியூவை, அதாவது ஒரு ஃபிரேமில் போகக்கூடிய அதிகபட்ச அளவை, 9000 என்று வைத்துவிட்டு, நடுவிலுள்ள ஸ்விட்சை 1500-லேயே விட்டுவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். இணைப்பு தொடங்கும்போது இரு முனைகளும் தங்களால் இயன்ற அளவை ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்ளும். இரண்டும் பெரிய அளவையே சொல்லும். நடுவிலுள்ள ஸ்விட்சை யாரும் கேட்பதில்லை. லாகினுக்கான செய்திகள் சில நூறு பைட்டுகளே. அவை தடையின்றிப் போகும். "உன் கொள்ளளவு என்ன?" என்ற கேள்விக்கும் பதில் சிறியது, அதுவும் வரும். ஆகவே வட்டு தெரியும், அதன் அளவும் சரியாகத் தெரியும். அடுத்து பார்ட்டிஷன் அட்டவணையைப் படிக்க சர்வர் 4 கிலோபைட் கேட்கும். அந்தப் பதில் ஒரே பெரிய ஃபிரேமாகக் கிளம்பி வரும். ஸ்விட்ச் அதைச் சத்தமில்லாமல் கீழே போட்டுவிடும். டிசிபி மறுபடி அனுப்பும். மறுபடி கீழே விழும். டிசிபி வரிசை மாறாமல்தான் கொடுக்கும் என்பதால், பின்னால் வரும் சின்னச் செய்திகளும் அந்தப் பெரிய பொட்டலத்துக்காகக் காத்துக் கிடக்கும். உயிரோடு இருக்கிறாயா என்று சர்வர் 5 வினாடிக்கு ஒருமுறை கேட்கும் கேள்விக்கும் பதில் வந்து சேராது. இன்னும் 5 வினாடி பொறுத்துப் பார்த்துவிட்டு சர்வர் இணைப்பை அறுத்து, மறுபடி லாகின் செய்யும். மறுபடி வட்டு தெரியும், மறுபடி உறையும்.

இதை வெறும் பிங் காட்டிக்கொடுக்காது. உடைக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு 8972 பைட் பிங் அனுப்ப வேண்டும். 9000-இல் ஐபி தலைப்புக்கு 20, பிங் தலைப்புக்கு 8 போக மிச்சம் 8972. அது போய்த் திரும்பினால்தான் பாதை முழுவதும் ஜம்போ. முனைகளில் ஒன்று 9000, மற்றது 1500 என்றிருந்தால் டிசிபி சிறிய அளவையே எடுத்துக்கொண்டு ஓடிவிடும். நடுவில் இருப்பது மாறுபடும்போதுதான் ஆபத்து.

சரி, இத்தனை பாடுபட்டு என்ன கிடைக்கும்? சாதாரண ஃபிரேமில் கம்பியில் போகும் 1538 பைட்டில் 1460 தரவு. ஏறத்தாழ 95 சதவீதம். ஜம்போவில் 9038-இல் 8960. ஏறத்தாழ 99 சதவீதம். 1 கிகாபிட் இணைப்பில் வினாடிக்கு 119 மெகாபைட்டாக இருப்பது 124 ஆகும். ப்ராசஸருக்கும் சுமை கொஞ்சம் குறையும், அவ்வளவே. நல்ல சலுகைதான், மறுக்கவில்லை. ஆனால் மெதுவாக ஓடும் வால்யூமை இது பறக்க வைக்கும் என்பது கணக்குக்கு ஒத்துவராத நம்பிக்கை.

வாதம் 3: "இணைப்பு அறுந்து அறுந்து வருகிறது, கேபிளோ ஸ்விட்சோ போய்விட்டது"

கேபிள் போயிருக்கலாம். ஆனால் கேபிள் கோளாறு தடயம் விட்டுப் போகும்: சர்வரின் நெட்வொர்க் கார்டிலும் ஸ்விட்ச் போர்ட்டிலும் பிழை எண்ணிக்கை ஏறிக்கொண்டே இருக்கும். அந்த எண்ணிக்கை பூஜ்யத்தில் நின்றால் வேறு இடத்தில் தேட வேண்டும். முதலில் தேட வேண்டிய இடம், பலர் நினைத்தும் பார்க்காத ஒன்று: இரட்டைப் பெயர்.

ஒரு விர்ச்சுவல் மெஷினை ஒழுங்காக அமைத்து, அதைக் குளோன் செய்து இன்னொன்று எடுக்கிறோம். ஐபி மாற்றுகிறோம், கணினிப் பெயர் மாற்றுகிறோம். ஐக்யூஎன் தனிக் கோப்பில் இருப்பதால் அது அப்படியே இரண்டிலும் இருந்துவிடுகிறது. தரநிலைப்படி டார்கெட் ஒரு செஷனை அடையாளம் காண்பது இனிஷியேட்டரின் பெயர், செஷன் அடையாள எண், டார்கெட் போர்ட்டல் குழு ஆகியவற்றைச் சேர்த்துத்தான். ஓப்பன்-ஐஸ்கஸி அந்த அடையாள எண்ணை எல்லாக் கணினியிலும் ஒரே முறையில் உருவாக்குவதால், குளோனும் மூலமும் டார்கெட் கண்ணுக்கு ஒரே ஆள். இரண்டாவது மெஷின் லாகின் செய்தவுடன் டார்கெட், "பழைய ஆள் இணைப்பு போய்த் திரும்பி வந்திருக்கிறான்" என்று எடுத்துக்கொண்டு முதல் இணைப்பை மூடிவிடும். முதல் மெஷின் சும்மா இருக்குமா? மறுபடி லாகின் செய்யும்; இரண்டாவது மெஷினின் இணைப்பு மூடப்படும். இப்படியே மாறி மாறி ஒன்றையொன்று வெளியே தள்ளிக்கொண்டிருக்கும்.

லினக்ஸ் கெர்னல் பதிவில் இதன் கைரேகை தெளிவாக இருக்கும். இணைப்புப் பிழை 1020 என்று வரும். எதிர்ப்பக்கம் டிசிபி இணைப்பை மூடிவிட்டது என்பது அதன் பொருள். மாறாக, "பிங் டைம்அவுட்" என்ற வரியும் புதிய கெர்னல்களில் 1022 என்ற எண்ணும் வந்தால், பதில் வராமல் நேரம் கடந்தது என்று பொருள். அங்கே நெட்வொர்க்கையோ திணறும் நாஸையோ சந்தேகிக்கலாம். டார்கெட் தானாக மூடியது வேறு, பதிலே வராமல் போனது வேறு. இந்த இரண்டு எண்ணையும் பிரித்துப் படித்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

பெயர் இரட்டித்தால் தொல்லை இணைப்பு அறுபடுவதோடு நிற்காது. மூல மெஷினுக்கு என்று ஒதுக்கிய லன் குளோனுக்கும் திறந்துவிடும். அது எங்கே கொண்டுபோய் விடும் என்பது ஐந்தாவது வாதத்தில் வருகிறது. குளோன் எடுத்ததும் புதிய ஐக்யூஎன் உருவாக்கி, ஐஸ்கஸி சேவையை மறுபடி தொடங்குவது கட்டாயம்.

இதே கணக்கில் சேர வேண்டிய இன்னொரு புகார், "சர்வர் பூட் ஆக நெடுநேரம் ஆகிறது." டார்கெட்டைக் கண்டுபிடிக்கும்போது நாஸ் தனக்கிருக்கும் எல்லா ஐபி முகவரிகளையும் சொல்லிவிடும், நம் சர்வரால் தொட முடியாத மேனேஜ்மென்ட் முகவரியும் அதில் இருக்கும். சர்வர் ஒவ்வொன்றாக முயன்று பார்க்கும். இயல்பு அமைப்பில் 15 வினாடி வீதம் 8 முறை, அதாவது ஒரு முகவரிக்கு 2 நிமிடம் வரை போகும். தொட முடியாத முகவரிகளைச் சர்வரின் பதிவிலிருந்து நீக்கிவிட்டாலோ, நாஸில் ஐஸ்கஸிக்கு உரிய முகவரியை மட்டும் திறந்து வைத்தாலோ போதும்.

வாதம் 4: "மெதுவாக இருக்கிறது, 10 கிகாபிட் வாங்கு, இல்லாவிட்டால் இரண்டு கேபிளைச் சேர்த்துக் கட்டு"

எது மெதுவாக இருக்கிறது என்று கேட்காமல் சொல்லப்படும் யோசனை இது. நிமிடத்துக்கு 7200 சுற்று சுற்றும் ஹார்ட் டிஸ்கில் ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிவினாடி, சராசரியாக அரைச் சுற்றுக் காத்திருப்பு 4.2. தலை நகரும் நேரம் ஏறத்தாழ 8 மில்லிவினாடி. ஆக, சிதறிக் கிடக்கும் சின்னச் சின்ன வேலைகளில் ஒரு வட்டு வினாடிக்கு 80 தாண்டுவதே கடினம். நான்கு வட்டு வைத்த ரெய்டு 5-இல் ஒரு சின்ன எழுத்துக்கு நான்கு வேலை: பழைய தரவைப் படி, பழைய பாரிட்டியைப் படி, புதியவை இரண்டையும் எழுது. நான்கு வட்டும் சேர்ந்து 320 வேலை. நான்கால் வகுத்தால் வினாடிக்கு 80 எழுத்து. ஒவ்வொன்றும் 8 கிலோபைட் என்றால் வினாடிக்கு 640 கிலோபைட். கேஷ் கொஞ்ச நேரம் தாங்கும். அது நிரம்பியதும் இந்த எண்தான் நிற்கும். 119 மெகாபைட் கொண்டுபோகக்கூடிய 1 கிகாபிட் கம்பி அங்கே சும்மா கிடக்கிறது. அதைப் பத்து மடங்காக்கினால் டேட்டாபேஸுக்கு என்ன லாபம்?

வட்டு எஸ்எஸ்டியாகவே இருந்தாலும் கதை முழுக்க மாறாது. போய் வர அரை மில்லிவினாடி ஆகிறது, மென்பொருள் ஒரு வேலை முடிந்த பிறகே அடுத்ததை அனுப்புகிறது என்றால் வினாடிக்கு 2000 வேலைதான். 4 கிலோபைட் வீதம் 8 மெகாபைட். இங்கே தடையாக இருப்பது காத்திருப்பு நேரம். கம்பியின் அகலம் அதைக் குறைக்காது. பெரிய கோப்பு நகலெடுக்கும்போது வேகம் 110 மெகாபைட்டுக்கு மேல் நிலையாக நின்றால் மட்டுமே கம்பி நிரம்பிவிட்டது என்று பொருள். அப்போது 10 கிகாபிட் வாங்குங்கள், தாராளமாக.

இரண்டு கேபிளைச் சேர்த்துக் கட்டுவது இதைவிட ஏமாற்றம் தரும். எல்ஏசிபி முறையில் ஒரு டிசிபி இணைப்பு முழுவதும் ஒரே கேபிளில்தான் போகும். ஒரு செஷன், ஒரு இணைப்பு என்றிருக்கும் ஐஸ்கஸிக்கு இரண்டாவது கேபிள் வெறும் அலங்காரம். இரண்டையும் உண்மையில் பயன்படுத்த வேண்டுமானால் இரண்டு சப்நெட், இரண்டு செஷன், மேலே மல்டிபாத் என்று அமைக்க வேண்டும். ஒன்று போனால் மற்றது தாங்கும் வசதியும் அதிலேயே கிடைக்கும்.

வாதம் 5: "ஒரு சர்வரில் போட்ட கோப்பு இன்னொன்றில் தெரியவில்லை; நெட்வொர்க் லேட்"

ஏழு வாதங்களில் மிக ஆபத்தானது இது. ஏனென்றால் இந்த அறிகுறி தெரியும்போதே தரவு கெடத் தொடங்கிவிட்டது.

நாஸ் பெட்டி பகிர்வுக் கோப்புறையும் தரும், ஐஸ்கஸி லன்னும் தரும். பகிர்வுக் கோப்புறையில் ஃபைல் சிஸ்டத்தை நாஸ் நடத்துகிறது. பத்துப் பேர் ஒரே நேரத்தில் திறந்தாலும் அது பார்த்துக்கொள்ளும். லன் அப்படியில்லை. அது வெறும் வட்டு. ஃபைல் சிஸ்டத்தை நடத்துவது அதை மாட்டிய சர்வர். எக்ஸ்ட்4, எக்ஸ்எஃப்எஸ், என்டிஎஃப்எஸ் எல்லாமே, இந்த வட்டு தனக்கு மட்டும் சொந்தம் என்ற எண்ணத்தில் எழுதப்பட்டவை. காலியிடம் எது, எந்தக் கோப்பு எங்கே என்பதை ஒவ்வொரு சர்வரும் தன் நினைவகத்தில் வைத்துக்கொண்டு வேலை செய்யும். ஒரே பேரேட்டில் இரண்டு குமாஸ்தாக்கள் ஒருவரையொருவர் பார்க்காமல் அவரவர் மனக்கணக்கை வைத்து எழுதினால் என்ன ஆகுமோ அதுதான் ஆகும். முதல் சர்வர் காலி என்று நினைத்து எழுதும் இடத்தில் இரண்டாவது சர்வரின் கோப்பு இருக்கும்.

கோப்பு தெரியாததற்குக் காரணம் அந்த நினைவகம்தான்; கம்பியில் ஒரு தாமதமும் இல்லை. ரீமவுண்ட் செய்தால் தெரிந்துவிடுவதால், "லேட்டாக வருகிறது" என்ற எண்ணம் இன்னும் வலுப்படும். எக்ஸ்ட்4-இல் இரட்டை மவுண்ட்டைத் தடுக்கும் வசதி ஒன்று உண்டு. இயல்பாக அது அணைந்தே இருக்கும். இரண்டு சர்வருக்கும் ஒரே இடம் வேண்டுமானால் என்எஃப்எஸ் அல்லது எஸ்எம்பி பகிர்வு போதும். வட்டாகத்தான் வேண்டும் என்றால் ஜிஎஃப்எஸ்2, ஓசிஎஃப்எஸ்2 போன்ற கிளஸ்டர் ஃபைல் சிஸ்டம் வேண்டும். இதற்கு மூன்றாவது வழி கிடையாது.

வாதம் 6: "ரீட்-ஒன்லி ஆகிவிட்டதா? ரீஸ்டார்ட் செய்தால் போதும்"

ரீஸ்டார்ட் செய்தால் வால்யூம் திரும்ப வரும், உண்மைதான். ஏன் போனது என்ற சாட்சியமும் பல அமைப்புகளில் அதோடு அழிந்துபோகும். ஆகவே நாளைக்கும் போகும்.

இணைப்பு அறுந்தால் ஓப்பன்-ஐஸ்கஸி உடனே கைவிடுவதில்லை. இயல்பாக 120 வினாடி வரை வேலைகளை நிறுத்தி வைத்துக் காத்திருக்கும். அதற்குள் இணைப்பு திரும்பினால் மேலே ஃபைல் சிஸ்டத்துக்குச் செய்தியே போகாது. திரும்பாவிட்டால் பிழை மேலே போகும். எக்ஸ்ட்4 தன் ஜர்னலை நிறுத்திக்கொண்டு ரீட்-ஒன்லி ஆகும், எக்ஸ்எஃப்எஸ் தன்னையே மூடிக்கொள்ளும். தரவைக் காப்பாற்றத்தான் அவை அப்படிச் செய்கின்றன. மல்டிபாத் வைத்திருப்பவர்கள் மாற்றுப் பாதைக்குச் சீக்கிரம் தாவ வேண்டும் என்று இந்த 120-ஐ 15-க்கோ 5-க்கோ குறைப்பார்கள், அது சரி. ஒரே பாதை வைத்திருப்பவரும் அதைப் பார்த்து 5 என்று போட்டுக்கொள்கிறார். ஸ்விட்ச் போர்ட் ஒருமுறை அணைந்து எரிந்தால், பழைய ஸ்பேனிங் ட்ரீ முறையில் அது போக்குவரத்துக்குத் திறக்க 30 வினாடி ஆகும். 120 என்று விட்டிருந்தால் யாருக்கும் தெரியாமல் கடந்து போயிருக்கும் நிகழ்வு, 5 என்று வைத்தவருக்கு ரீட்-ஒன்லியாக வந்து நிற்கிறது.

இன்னொரு காரணத்துக்கும் நெட்வொர்க்குக்கும் சம்பந்தமே இல்லை. நாஸில் தின் முறையில் லன் உருவாக்கினால், இருக்கும் இடத்தைவிட அதிகமாக வாக்குக் கொடுக்க முடியும். சர்வரில் கோப்பை அழித்தால் ஃபைல் சிஸ்டம் தன் குறிப்பை மட்டும் மாற்றிக்கொள்ளும். அந்த இடம் காலி என்று நாஸுக்குச் சொல்ல டிரிம் செய்தி தனியாகப் போக வேண்டும். அது போகாவிட்டால் சர்வரில் பாதி காலியாகத் தெரியும் வட்டு நாஸில் நிரம்பிக் கிடக்கும். தொகுப்பு முழுவதும் நிரம்பிய கணத்தில் எழுத்துகள் தோற்கும். கெர்னல் பதிவில் "ஸ்பேஸ் அலொகேஷன் ஃபெயில்டு ரைட் புரொடெக்ட்" என்ற வரி இருந்தால் இதுதான் நடந்திருக்கிறது. எத்தனை முறை ரீஸ்டார்ட் செய்தாலும் இடம் முளைக்காது.

சில சமயம் ரீஸ்டார்ட்டே கோளாறைக் கிளப்பும். ஃபைல் சிஸ்டப் பட்டியலில் நெட்வொர்க் வட்டு என்ற குறிப்பு இல்லாவிட்டால், நெட்வொர்க் எழும் முன்னரே சர்வர் மவுண்ட் செய்யப் பார்த்து நின்றுவிடும். எஸ்டிபி, எஸ்டிசி என்று வரும் வட்டுப் பெயரை அதில் எழுதியிருந்தால், வரிசை மாறி வேறு வட்டு அந்த இடத்தில் வந்து உட்காரும்; யூயூஐடியைத்தான் எழுத வேண்டும். லினக்ஸிலேயே டார்கெட் அமைத்தவர்களுக்கு இன்னொரு பொறி உண்டு. ஒரு எல்விஎம் வால்யூமை லன்னாகக் கொடுத்து, அதற்குள் வாடிக்கையாளர் சர்வர் தன் எல்விஎம்மை அமைத்திருந்தால், டார்கெட் ரீபூட் ஆகும்போது உள்ளே இருப்பதைத் தானே எழுப்பிப் பிடித்துக்கொள்ளும். ஐஸ்கஸி சேவைக்கு வட்டு கிடைக்காது. லன் காணாமல் போகும். எந்தெந்த வட்டை ஆராயலாம் என்று எல்விஎம்முக்கு வரம்பு வைப்பதே தீர்வு.

வாதம் 7: "ஃபைபர் சேனலுக்குப் போனால் தொல்லை விட்டது"

மேலே சொன்னவற்றை ஃபைபர் சேனலில் வைத்துப் பாருங்கள். பெயர்ப் பட்டியலில் பிழை? அங்கே சோனிங், லன் மாஸ்கிங் என்ற பெயரில் அதே பிழை. ஒரே லன்னை இரண்டு சர்வரில் மவுண்ட் செய்வது? அதே அழிவு. தின் தொகுப்பு நிரம்புவது? அதே ரீட்-ஒன்லி. ரெய்டு 5-இன் 80 எழுத்து? அதே 80. கார்டு, ஸ்விட்ச், கேபிள் என்று எல்லாம் புதிதாக வாங்கிய பிறகும் நான்கு அடுக்குகள் அப்படியே இருக்கும்.

ஃபைபர் சேனலின் உண்மையான பலம் வேறு. பெறுபவரிடம் இடம் இருந்தால்தான் அனுப்புபவர் அனுப்புவார் என்ற ஏற்பாடு அதில் அடிப்படையிலேயே இருப்பதால் நெரிசலில் ஃபிரேம்களைக் கீழே போடுவதில்லை. சேமிப்பகத்துக்கென்று தனி வலையாகவும் இருக்கிறது. முதலாவது வேண்டியவர்கள் வாங்கட்டும். இரண்டாவதை ஐஸ்கஸிக்கும் ஒரு தனி ஸ்விட்சும் தனி விலேனும் கொடுத்துப் பெறலாம்.

ஒப்புக்கொள்ள வேண்டியது

நெட்வொர்க் குற்றவாளியாக இருக்கும் நேரங்கள் நிச்சயம் உண்டு. அப்போது அடி பலமாகவே விழும். லினக்ஸ் டிசிபி, தொலைந்த பொட்டலத்துக்குப் பதில் வராதா என்று குறைந்தது 200 மில்லிவினாடி காத்திருந்து மறுபடி அனுப்பும் நிலை வரலாம். அரை மில்லிவினாடியில் முடிய வேண்டிய வேலை நானூறு மடங்கு நீள்கிறது. வலைப்பக்கம் திறப்பவருக்கு இது தெரியவே தெரியாது. டேட்டாபேஸுக்கு நன்றாகத் தெரியும். ஆகவே அலுவலக வைஃபை, கேமரா, பிரின்டர் எல்லாம் ஓடும் அதே ஸ்விட்சில் ஐஸ்கஸியையும் விடுவது தவறு. மலிவான ஸ்விட்சில் பல சர்வர்கள் ஒரே நேரத்தில் ஒரே நாஸைத் தாக்கினால் பொட்டலம் தொலையும். ஒரே ஐபியை இரண்டு கருவிகளுக்குக் கொடுத்தாலும் இணைப்பு ஆடும்.

ஆனால் இவற்றை எல்லாம் நிரூபிக்க முடியும். போர்ட்டில் பிழை எண்ணிக்கை, டிசிபி மறு அனுப்பல் எண்ணிக்கை, 8972 பைட் பிங் ஆகிய மூன்றையும் பார்க்க அதிக நேரம் ஆகாது. மூன்றும் சுத்தமாக இருந்தால் நெட்வொர்க்கை விடுதலை செய்துவிட்டு மேல் அடுக்குக்குப் போக வேண்டும்.

ஆகவே என் பரிந்துரை இது. வால்யூம் மக்கர் செய்தால் ரீஸ்டார்ட் பட்டனைத் தொடும் முன் சர்வரின் கெர்னல் பதிவையும் நாஸின் பதிவையும் நகலெடுத்து வையுங்கள். பிழை எண்ணைப் படியுங்கள். பிறகு கீழிருந்து மேலாகப் போங்கள்: போர்ட் பிழைகள், பெரிய பிங், 3260 திறந்திருக்கிறதா, சாப், ஐக்யூஎன் பட்டியல், அதே பெயரில் வேறு யாரும் உள்ளே இருக்கிறார்களா, நாஸில் காலியிடம், வட்டுகளின் நலம், கடைசியாக ஃபைல் சிஸ்டம். ஃபைல் சிஸ்டத்தைச் சரிபார்க்கும் கருவியை ஓட்டும் முன் வேறெந்த சர்வரும் அந்த லன்னைப் பிடித்திருக்கவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். இல்லாவிட்டால் சரிபார்ப்பே அழிப்பாக முடியும். இந்தப் பட்டியலில் பெரும்பாலானவற்றுக்கு ஒரு ரூபாய் செலவில்லை. இத்தனையும் முடித்த பிறகும் விரல் ஸ்விட்சையே காட்டினால், அப்போது வாங்குங்கள் புது ஸ்விட்ச்.